ரிலாக்சரை நிறுத்திய ஆஃப்ரோ முடி: ஒரேயடியாக வெட்டாமல் இயல்புச் சுருளுக்குக் கொண்டுவருவது எப்படி?

மைதிலி_சலூன்

வணக்கம். தெற்கு லண்டனில ஒரு சலூனில வேலை செய்யிறன். வாற ஆக்களில கனபேர் கானா, நைஜீரியா, ஜமேக்கா வழி வந்தவை. எங்கட ஆக்களின்ர தலைமயிரில பழகின கைக்கு இது புதுசு. தெரிஞ்சவை விவரமாச் சொன்னால் பெரிய உதவி.

ஒரு வாடிக்கையாளரைப் பற்றிக் கேக்கிறன். கானாக்காரி, 40க்குக் கிட்ட வயசு. 8 கிழமைக்கு ஒருக்கா ரிலாக்சர் (சுருட்டையை நிரந்தரமா நேராக்கிற கிறீம்) போட்டு வந்தவ, 5 மாசமா நிப்பாட்டிட்டா. வேரில 4 சென்ரிமீற்றர் அளவுக்கு இறுக்கமான சுருட்டை. அதுக்குக் கீழ தோள் வரைக்கும் பழைய நேர்மயிர், 25 சென்ரிமீற்றர் இருக்கும். ஒட்ட வெட்ட மாட்டன் எண்டு தெளிவாச் சொல்லிட்டா. சீப்பு வைச்சால் ரெண்டும் சேருற இடத்தில அறுந்து வருது. உச்சியில வெள்ளையா உதிருது. அதுக்கு ஒவ்வொரு நாளும் தேங்காயெண்ணெய் தேய்க்கிறா.

புது மயிரும் பழசும் ஒரே மாதிரித் தெரிய கெரட்டின் (சூட்டில மயிரை நேராக்கிற சிகிச்சை) செய்து விடலாமோ எண்டு கடையில ஒரு ஆள் சொல்லுறார். சரியோ? கழுவி, சிக்கெடுக்கிற முறை என்ன? எங்கட சீயக்காய், வெந்தயம் இதுக்குச் சரிவருமோ? பின்னி விடலாமோ?

வகிடு

மைதிலி, கெரட்டின் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். யார் சொன்னாலும் வேண்டாம்.

ஆஃப்ரோ முடிக்குப் போடும் ரிலாக்சர் ஹைட்ராக்சைடு வகை, பிஎச் 12க்கு மேல், அதாவது கடுங்காரம். சோடியம் ஹைட்ராக்சைடு இருந்தால் 'லை' என்பார்கள். 'நோ லை' என்று எழுதிய பெட்டியில் கால்சியம் ஹைட்ராக்சைடு க்ரீமும் குவானிடின் கார்பனேட் திரவமும் தனித்தனியாக இருக்கும், கலந்ததும் குவானிடின் ஹைட்ராக்சைடு ஆகும். பெயரைப் பார்த்து மென்மையானது என்று நினைக்க வேண்டாம், காரம் காரம்தான். நம் ஊர் பார்லர்களில் ஸ்ட்ரெய்ட்டனிங், ரீபாண்டிங் என்று செய்வது பெரும்பாலும் தயோகிளைகோலேட் (சுருக்கமாக 'தயோ'). அது முடியின் கந்தகப் பிணைப்புகளை அவிழ்க்கும், நியூட்ரலைசர் போட்டதும் அவை புது இடத்தில் மறுபடி கட்டிக்கொள்ளும். ஹைட்ராக்சைடு அப்படியில்லை. பிணைப்பிலிருந்து ஒரு கந்தக அணுவையே எடுத்துவிட்டு லாந்தியோனைன் என்ற வேறொன்றாக மாற்றிவிடும், அது திரும்பாது. அந்த முடிமேல் தயோ போட்டால் மறுபடி கட்டிக்கொள்ளப் பிணைப்பு போதாது, கையோடு வந்துவிடும். கெரட்டின் சிகிச்சையில் 230 டிகிரி வரை சூடான அயர்னைத் திரும்பத் திரும்ப இழுக்கிறார்கள். புதிதாக வந்த சுருளும் தளர்ந்துபோகும், அஞ்சு மாதம் காத்திருந்தது வீண். பல கெரட்டின் கரைசல்களில் ஃபார்மால்டிஹைடு ஆவி வேறு வரும், அதைத் தினமும் சுவாசிப்பது நீங்கள்தான்.

சேருமிடத்தில் ஏன் அறுகிறது? மேலே நல்ல பலமுள்ள, வளைந்து வளைந்து வரும் முடி. கீழே பிணைப்பு போன, நேரான, தண்ணீரில் ஊறி நீளும் முடி. சீப்பை இழுக்கும்போது சுருள் நீண்டு கொடுக்கிறது, விசை முழுவதும் அந்த ஒரு மில்லிமீட்டரில் போய் விழுகிறது. அதோடு, ரிலாக்சர் போடும் ஒவ்வொரு தடவையும் பழைய முடிமேல் கொஞ்சம் வழிந்திருக்கும், அதனால் எல்லைக்குக் கீழே உள்ள பழைய முடி இரட்டை அடி வாங்கியது. எந்த எண்ணெயும் சீரமும் அதைச் சரிசெய்யாது. டிரான்சிஷன், அதாவது பழைய முடி போய் முழுக்க இயல்பு முடியாகும் காலம், தீரும் வரை உங்கள் வேலை ஒன்றே ஒன்று: அந்த இடத்தை இழுக்காமல் இருப்பது. முடி தன்பாட்டுக்கு வளரும்.

வெட்டாமல் எத்தனை நாள் என்று அவரிடம் கணக்கைச் சொல்லிவிடுங்கள். ஆஃப்ரோ முடி சராசரியாக மாதம் 1 செ.மீ.க்குக் கீழேதான் வளர்கிறது, 0.8 என்று வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நுனியில் 1.5 செ.மீ. எடுத்தால் மொத்த நீளம் மாறாது, ஆனால் 25 செ.மீ. பழைய முடி தீர 30 மாதத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு காலம் இரண்டு வகை முடியோடு போராட யாருக்கும் பொறுமை இருக்காது. புது முடி 10 முதல் 12 செ.மீ. வந்ததும், அதாவது நிறுத்தி ஒரு வருடம் தாண்டியதும், மிச்சத்தை எடுத்துவிடுவதுதான் நடைமுறை. அந்த நீளத்தில் இழுத்து நீட்டிக் கட்டலாம், பின்னலாம், 'மொட்டை' என்ற பயம் இருக்காது. ஒட்ட வெட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஆனால் நடுவில் முடி அடர்த்தி குறைந்து நுனி எலிவாலாக மெலிந்தால், அது வெட்ட வேண்டிய நேரம் என்று நேராகச் சொல்லுங்கள்.

நுரைப்பூ

கழுவுற முறையை நான் எழுதறேன். லண்டன் தண்ணி சுண்ணாம்புப் பாறையிலிருந்து வர்ற கடின நீர். 'நோ லை' ரிலாக்சர் ஏற்கனவே முடிமேல கால்சியம் படிய விட்டிருக்கும். மேல இதுவும் சேர்ந்தா முடி மங்கலா, சொரசொரன்னு இருக்கும், கண்டிஷனர் உள்ளேயே போகாது. "என் முடி எதையும் ஏத்துக்கறதில்லை"ன்னு அவங்க சொன்னா முதல் சந்தேகம் இதுதான். லேபிள்ல டெட்ராசோடியம் ஈடிடிஏ அல்லது ஃபைடிக் ஆசிட் முன்வரிசையில் இருக்கற கீலேட்டிங் ஷாம்பு (கால்சியப் படிவை எடுக்கறது) ஒண்ணு வாங்கி வைங்க, மாசம் ஒரு தடவை போதும்.

மத்த வாரங்கள்ல சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, 7 முதல் 10 நாளைக்கு ஒரு முறை. தினமும் அலச வேண்டாம். ஆனா மூணு வாரம் கழுவாம விடறதும் கூடாது.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உலர்ந்த முடியை விரலால 8 பகுதியா பிரிச்சு, ஒவ்வொண்ணையும் தளர்வா முறுக்கிக் க்ளிப் போட்டுடுங்க. வேலை தீர்ற வரை இந்தப் பிரிவு கலையக் கூடாது. மொத்தமா அவிழ்த்துத் தலைமேல குவிச்சு நுரை தேய்ச்சீங்கன்னா புது வேர்முடியும் பழைய நேர்முடியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து சடை பிடிச்சுடும்.

சிக்கெடுக்கறது ஷாம்புக்கு முன்னாடி. ஒரு பகுதியை அவிழ்த்து, ஸ்ப்ரே பாட்டில்ல நல்லா நனைச்சு, வழுவழுப்பான கண்டிஷனர் ஒரு மேசைக்கரண்டி தடவுங்க. லேபிள்ல பெஹென்ட்ரிமோனியம்னு ஏதாவது இருந்தா வழுக்கல் நல்லா இருக்கும். இப்போ இடது கை விரலால அந்தச் சேருமிடத்தைக் கிள்ளிப் பிடிச்சுக்கணும். அதுக்குக் கீழ உள்ள நேர்முடியை மட்டும் பெரிய பல் சீப்பால, நுனியில ஆரம்பிச்சு 3 செ.மீ., 3 செ.மீ.யா மேல ஏறுங்க. சேருமிடம் வந்ததும் சீப்பை எடுத்துடுங்க. அதுக்கு மேல வேர்ப்பகுதிக்கு விரல் மட்டும்தான், நுழைச்சு ரெண்டு பக்கமும் பிரிச்சு விடணும். வேர்லேர்ந்து நுனிக்கு ஒரே இழுப்பா சீப்பு போறதுதான் உங்களுக்கு அறுந்து வர்றதுக்குக் காரணம். முடிச்சு வந்தா இன்னும் தண்ணி, இன்னும் கண்டிஷனர், ஊசி மாதிரி நுனி உள்ள க்ளிப்பால முடிச்சை அவிழ்க்கறது. கத்திரி கடைசி. காய்ஞ்ச முடியில சீப்பே கூடாது.

நிறைய முடி கையில வரும், பயந்துடுவாங்க. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி எல்லாருக்கும் உதிரும். நேர்முடிக்காரங்களுக்கு அது தரையில விழுந்துடும், இவங்களுக்குச் சுருளுக்குள்ளயே மாட்டிக்கிட்டு ஒரு வாரத்துது மொத்தமா வரும். பார்க்க வேண்டியது நீளமும் முனையும். முழு நீளமா, ஒரு முனையில குட்டி வெள்ளைக் குமிழோட இருந்தா உதிர்ந்த முடி. குமிழ் இல்லாம துண்டு துண்டா, ரெண்டு மூணு சென்டிமீட்டரா இருந்தா உடைஞ்ச முடி. ஒவ்வொரு தடவையும் அந்தத் துண்டுகளை டிஷ்யூவில சேர்த்துக் காட்டுங்க, அளவு குறையுதான்னு அவங்களே பார்ப்பாங்க.

ஷாம்பு 1 பங்குக்குத் தண்ணி 3 பங்கு, மூக்கு வச்ச பாட்டில்ல. தலைத்தோல்ல மட்டும், பகுதிக்குப் பகுதி, விரல் நுனியால. வழியற நுரையே முடிக்குப் போதும். அப்புறம் டீப் கண்டிஷனர், ப்ளாஸ்டிக் தொப்பி, ஹூட் ட்ரையர்ல 20 நிமிஷம். இந்த சூடு எதுக்குன்னா, புது முடியோட செதில் மூடி இருக்கும், லேசில ஈரம் ஏறாது. பழைய முடி துளை விழுந்தது, உடனே குடிச்சு உடனே விட்டுடும். ஒரே தலையில ரெண்டு விதம். அதனால லீவ்-இன் (அலசாம அப்படியே விடற கண்டிஷனர்) போடும்போதும் வேர்ப்பகுதிக்கு நீர்த்த, லேசான பால் மாதிரி வகை, நுனிக்குக் கெட்டி க்ரீம். சொட்டச் சொட்ட ஈரமா இருக்கும்போதே போடணும். பாதி காய்ஞ்ச பிறகு போட்டா பரவாது, மேலயே திட்டுத் திட்டா நிக்கும். அதன்மேல விளக்கெண்ணெய் நாலைஞ்சு சொட்டு உள்ளங்கையில தேய்ச்சு, நுனியில மட்டும். டவலால தேய்க்காதீங்க, பழைய பருத்தி பனியன் துணியால அழுத்தி எடுங்க. காயறதும் 8 பின்னலாவே காயட்டும்.

வீட்டுக்கு: சாட்டின் தொப்பி போட்டுத் தூங்கணும். பருத்தித் தலையணை உறை ராத்திரி முழுக்க முடியை உரசி நுனியை அறுக்கும்.

புரோட்டீன் சிகிச்சை எப்போன்னு கேட்பாங்க. ஈரமான ஒரு முடியை எடுத்து மெதுவா இழுங்க. நீண்டுகிட்டே போய்த் திரும்பாம தொளதொளன்னு நின்னா புரோட்டீன் வேணும். நீளாம படக்குன்னு உடைஞ்சா ஈரப்பதம் வேணும், புரோட்டீன் போடாதீங்க. டிரான்சிஷன்ல இருக்கறவங்களுக்கு 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு தடவை ஹைட்ரலைஸ்டு புரோட்டீன், அதுக்கு அப்புறம் கட்டாயம் டீப் கண்டிஷனர். "உடையுது, இன்னும் புரோட்டீன் போடலாம்"னு வாராவாரம் போட்டு விறைச்சுப்போய் இன்னும் உடையறதுதான் சலூன்ல அடிக்கடி நடக்கற தப்பு.

தோலும்_முடியும்

தலைத்தோலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வெள்ளையாக உதிர்வது வறட்சி என்று நினைத்துத்தான் எண்ணெய் தேய்க்கிறார். பெரும்பாலும் அது பொடுகு. மலசீசியா என்ற பூஞ்சை தோலின் கொழுப்பைத் தின்று வாழ்கிறது. எண்ணெய் தேய்க்கத் தேய்க்க அதற்குத் தீனி. செதில் அந்த நேரத்துக்கு ஒட்டிக்கொண்டு மறையும், மறுநாள் கூடுதலாக வரும். தலைத்தோலில் எண்ணெயை நிறுத்தச் சொல்லுங்கள். கீட்டோகோனசோல் 2% ஷாம்புவை வாரம் ஒரு முறை, வகிடு வகிடாகத் தோலில் மட்டும் போட்டு 5 நிமிடம் வைத்து அலசி, முடிக்கு உடனே கண்டிஷனர் போட்டால் நான்கு வாரத்தில் தெரிந்துவிடும். அவர் முடியில் இந்த ஷாம்பு பட்டால் உலர்த்திவிடும், அதனால்தான் தோலில் மட்டும் என்கிறேன். தலைக்குக் கிரீஸ் தடவுவது அவர்கள் வீடுகளில் தலைமுறையாக வரும் பழக்கம். செதில் இல்லாத தலையில் அது கெடுதல் செய்யாது, அவர் அம்மா தடவியது தப்பு என்று பேசத் தேவையில்லை.

மருத்துவரிடம் அனுப்ப வேண்டியது எப்போது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் உச்சந்தலையை அவரைவிட நன்றாகப் பார்ப்பவர் நீங்கள். உச்சி நடுவில் முடி மெலிந்து, வட்டமாக வெளிப்பக்கம் பரவி, தோல் பளபளவென்று துளையே தெரியாமல் இருந்தால், அல்லது அங்கே எரிச்சலும் தொட்டால் வலியும் இருந்தால், காத்திருக்கக் கூடாது. ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடம் நடுவயதில் வரும் ஒரு வடு வகை முடியிழப்பு உண்டு. வேர்ப்பை வடுவாகிவிட்டால் அங்கே முடி மறுபடி வராது, முன்னதாகப் பிடித்தால் நிறுத்தலாம். ஆரம்பத்தில் உச்சியில் முடி 'உடைவது' போலத்தான் தெரியும். அதற்குப் பரம்பரைக் காரணமும் உண்டு என்று 2019-இல் பிஏடிஐ3 என்ற மரபணுவை வைத்துக் காட்டினார்கள், ஆகவே பின்னலையும் ரிலாக்சரையும் மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

நெற்றியோரம் வேறு கதை. இறுக்கக் கட்டிய இடத்தில் சிறு பருக்கள், வலி, பிறகு ஓரம் பின்வாங்கி முன்னால் மெல்லிய ஒரு வரிசை முடி மட்டும் மிச்சம் நிற்பது, இவை இழுப்பால் வரும் இழப்பு. பரு நிலையில் அவிழ்த்துவிட்டால் முடி திரும்பும்.

ரிலாக்சரை நிறுத்தியது நல்லதா என்று அவர் கேட்டால்: அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் 'சிஸ்டர் ஸ்டடி' 33,497 பெண்களைப் பின்தொடர்ந்து 2022 அக்டோபரில் ஒரு முடிவை வெளியிட்டது. முடியை நேராக்கும் ரசாயனங்களை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பை புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64%. ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05%. இது தொடர்பைக் காட்டுகிறது, எந்தப் பொருள் காரணம் என்று காட்டவில்லை. பயமுறுத்தச் சொல்ல வேண்டாம். 8 வாரத்துக்கு ஒரு முறை என்பது ஆண்டுக்கு ஆறு தடவை, அந்த அளவுக்கு அது பொருந்தும் என்று சொன்னால் போதும்.

மைதிலி_சலூன்

எல்லாருக்கும் நன்றி. சேருற இடத்தைக் கிள்ளிப் பிடிக்கிற முறையை இந்தக் கிழமையே செய்து பாக்கிறன். இன்னும் மூண்டு சந்தேகம். பின்னல் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல. சீயக்காய், வெந்தயம் கேள்வியும் நிக்குது. மற்றது, அவ கண்ணாடியைப் பாத்து "சுருள் வரேல்ல, பஞ்சு மாதிரி நிக்குது, என்ர தலைமயிர் கூடாத வகை" எண்டு திரும்பத் திரும்பச் சொல்லுறா. அதுக்கு என்ன சொல்லுறது?

நுரைப்பூ

சீயக்காய்ப் பொடி வேண்டவே வேண்டாம். பொடியோட துகள் நம்ம முடியில அலசினா போயிடும். இவங்களோட சுருள்ல ஒவ்வொரு வளைவிலயும் மாட்டும், அதை எடுக்கத் தேய்க்கறப்போ முடி அறும். அரப்பு, பச்சைப்பயறு மாவு எல்லாத்துக்கும் இதேதான். ஆசையா இருந்தா சீயக்காய்க் காயை ஊறவச்சுக் கொதிக்க வச்சு, மெல்லிய துணியில ரெண்டு தடவை வடிச்ச தண்ணி மட்டும். அதுவும் கடின நீர்ல அவ்வளவா வேலை செய்யாது. அவங்க ஊர் கறுப்புச் சோப்பும் இதே மாதிரி யோசிச்சுப் பயன்படுத்த வேண்டியது. பிஎச் 9 தாண்டும், முடிச் செதிலைத் தூக்கிவிடும்.

வெந்தயம், செம்பருத்தி இலை, ஆளிவிதை இந்த மூணும் நல்லது, காரணம் சத்து இல்லை, கொழகொழப்பு. சிக்கெடுக்க வழுக்கல் தரும். வெந்தயம் 2 மேசைக்கரண்டி ராத்திரி ஒரு கப் தண்ணியில ஊறவச்சு, அரைக்காம, அந்தத் தண்ணியை மட்டும் வடிச்சு எடுத்துக் கண்டிஷனரோட கலந்துக்கலாம். அரைச்சு விழுதாப் போட்டீங்கன்னா மறுநாள் முழுக்க திப்பி பொறுக்கணும்.

ஆளிவிதை ஜெல் ஸ்டைலுக்கு: விதை கால் கப், தண்ணி 2 கப். மிதமான தீயில கிளறிக்கிட்டே 7, 8 நிமிஷம். கரண்டியிலேர்ந்து முட்டை வெள்ளைக்கரு பதத்துல நூலா வழிய ஆரம்பிச்சதும் அணைச்சு, சூட்டோடவே நைலான் ஸ்டாக்கிங்ல வடிக்கணும். ஆறினா விதையோட ஒட்டிக்கிட்டு வடியவே வடியாது, புதுசா செய்யறவங்க எல்லாரும் மாட்டிக்கறது இங்கதான். ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம், வாடை மாறினா கொட்டிடுங்க.

தேங்காயெண்ணெய்: 2003-ல வந்த ஒரு ஆய்வு, அது முடிக்குள்ள இறங்கி அலசும்போது புரோட்டீன் வெளியேறறதைக் குறைக்குது, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்யலைன்னு காட்டிச்சு. (செஞ்சது தேங்காயெண்ணெய் விக்கற கம்பெனியோட ஆய்வகம்தான். ஆனாலும் முடிவு நிக்குது.) அதனால கழுவறதுக்கு முன்னாடி அரை மணி நேரம், முடிநீளத்துல மட்டும், 2 தேக்கரண்டி. தலைத்தோலுக்கு, முன்னாடி 'தோலும்_முடியும்' சொன்னதுதான். சிலருக்குப் புது முடி தேங்காயெண்ணெய்ல விறைச்சு நிக்கும், அப்படின்னா விட்டுடுங்க. அவங்க வீட்ல ஷியா பட்டர் கண்டிப்பா இருக்கும், கானாவில 'ங்குட்டோ'ன்னு சொல்வாங்க. உள்ளங்கைச் சூட்டுல உருக்கி, ஈர முடி நுனியை மூட அதைவிட நல்லது எதுவும் இல்லை. காய்ஞ்ச முடியில போட்டா ஈரம் உள்ளே போகாம தடுக்கும், அவ்வளவுதான்.

வகிடு

பின்னல். செய்யலாம், ஆனால் இந்தத் தலைக்கு நிபந்தனைகளோடு.

பாக்ஸ் ப்ரெய்ட் (தலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, செயற்கை முடி சேர்த்துப் பின்னுவது) போடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு புரோட்டீனும் டீப் கண்டிஷனரும் முடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டமும் 2.5 செ.மீ.க்குச் சிறியதாக வேண்டாம், சின்னக் கட்டத்தில் கனமான செயற்கை முடி தொங்கினால் பாரம் முழுவதும் அதே சேருமிடத்தில். இடுப்பு வரை நீளம் கேட்பார், மார்பளவோடு நிறுத்துங்கள். நெற்றியோரத்துக் குட்டி முடிகளைப் பின்னலுக்குள் இழுக்காதீர்கள். பின்னி முடித்ததும் புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். வலித்தால் அங்கேயே அவிழ்த்து மறுபடி. "ரெண்டு நாளில் சரியாகிவிடும்" என்று வலி மாத்திரையோடு அனுப்புவது வேர்ப்பையைப் பிடுங்குவது. கனெகலான் என்ற செயற்கை முடிமேல் ஒரு பூச்சு இருக்கும், பலருக்கு அரிப்பு தரும். பின்னுவதற்கு முன் தண்ணீரும் ஆப்பிள் சிடர் வினிகரும் கலந்து அரை மணி ஊறவைத்தால் வெள்ளையாகப் பிரிந்து வரும், அலசிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

6 வாரம், அதற்கு மேல் ஒரு நாளும் வேண்டாம். வளர்ந்த வேர்ப்பகுதியில் உதிர்ந்த முடியும் தூசும் சேர்ந்து ஒரு சாம்பல் நிற முடிச்சாக இருக்கும். அவிழ்க்கும்போது ஒவ்வொரு பின்னலிலும் அந்த முடிச்சைக் கண்டிஷனரும் எண்ணெயும் தொட்டு விரலால் பிரித்து எடுத்த பிறகுதான் தலையில் தண்ணீர். முதலில் தண்ணீர் பட்டால் அது கெட்டியாகிச் சடையாகிவிடும், பிறகு கத்திரிதான். அவிழ்த்த அடுத்த நாளே மறுபடி பின்னாமல் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

செயற்கை முடி இல்லாமல் செய்யக்கூடிய ஒன்றை நான் அதிகம் பரிந்துரைப்பேன்: நூல் சுற்று. நைஜீரியாவில் யோருபாக்கள் 'இருன் கிக்கோ' என்பார்கள், கானாவிலும் உண்டு. ஈரம் போன முடியில் ஒரு பகுதியை எடுத்து, கறுப்பு நூலை வேரில் தளர்வாகக் கட்டி, நுனி வரை நெருக்கமாகச் சுற்றி இறக்குவது. ஓர் இரவு விட்டால் சுருள் சூடில்லாமல் நீளும், புது முடியும் பழையதும் ஏறக்குறைய ஒரே வரிசைக்கு வரும், சிக்கு பாதியாகும். அயர்ன் செய்யும் வேலையை நூல் செய்துவிடும். அவர் சிறு வயதில் பார்த்திருப்பார், உங்களுக்கே சொல்லித் தருவார்.

அயர்ன் தவிர்க்க முடியாத நாள் என்றால் 180 டிகிரிக்குள், முழுக்கக் காய்ந்த முடியில், சிலிகோன் பாதுகாப்புப் போட்டு, ஒரு பகுதிக்கு ஒரே இழுப்பு. ஈரம் இருந்தால் தண்ணீர் உள்ளே ஆவியாகி முடித்தண்டில் குமிழ் விடும், குமிழில் உடையும். சூட்டில் கெட்ட சுருளும் திரும்பாது, பார்க்க அது ரிலாக்சர் பட்ட முடி போலவே இருக்கும்.

இரண்டு வகை முடியையும் ஒன்றாகக் காட்ட ட்விஸ்ட்-அவுட் போதும். 80% காய்ந்த முடியில் ஆளிவிதை ஜெல், இரண்டு இழை முறுக்கு, நேராக நிற்கும் நுனியை மட்டும் சிறிய பெர்ம் ராடில் (சுருட்டும் குழலில்) சுற்றுவது. ஹூட்டில் ஒரு மணி நேரம். முழுக்கக் காய்ந்த பிறகு விரலில் எண்ணெய் தொட்டு, முறுக்கின எதிர்த்திசையில் அவிழுங்கள். கொஞ்சம் ஈரம் இருக்கும்போது அவிழ்த்தால் பத்து நிமிடத்தில் உப்பிவிடும்.

கண்மணி_டர்பன்

மைதிலி, அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் 1950-இன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டப்படி ஆட்களை இனம் பிரித்தபோது, அதிகாரிகள் சிலர் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். பென்சில் விழுந்தால் ஒரு இனம், முடி பிடித்துக்கொண்டால் வேறு இனம். ஒரே வீட்டில் அண்ணன் தங்கையைப் பிரித்திருக்கிறது அந்தப் பென்சில். சட்டம் 1991-இல்தான் போனது. கானாவின் கதை இது இல்லை. அங்கே அரசுப் பள்ளிகளில் மாணவிகள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வர வேண்டும் என்ற வழக்கம். படிப்பு முடிந்து வளர்த்ததும் பலர் நேரே ரிலாக்சருக்குப் போகிறார்கள். ஆக, 40 வயதில் அவர் தன் சொந்த முடியை நீளமாகப் பார்ப்பது இதுவே முதல் தடவையாக இருக்கலாம். 'கூடாத வகை' என்பது அவர் கண்டுபிடித்த சொல் இல்லை.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது: "அடக்கலாம்", "ஒழுங்காக்கலாம்", "கொஞ்சம் சமாளிக்கிற மாதிரி ஆக்கலாம்" என்ற பேச்சைக் கடையிலேயே நிறுத்துங்கள். பெருமூச்சு விட்டுக்கொண்டு சீப்பை எடுக்காதீர்கள். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே 3 மணி நேரம் ஒதுக்குங்கள், நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கடிகாரத்தைப் பார்ப்பதை அவர் கவனிப்பார். பிரிட்டனில் முடிதிருத்தப் பயிற்சித் தரங்களை 2021-இல் திருத்தி ஆஃப்ரோ முடியையும் எல்லாருக்கும் உரிய பாடமாக்கினார்கள். அதற்கு முன் தகுதி பெற்றவர்கள் இதைத் தொடாமலே சான்றிதழ் வாங்க முடிந்தது. உங்களுக்குத் தெரியாமல் போனது உங்கள் குறை மட்டும் இல்லை.

பஞ்சுபோல் நிற்பதைப் பற்றி: ஆண்ட்ரே வாக்கர் 1990களில் போட்ட வகைப்பாட்டை வைத்து, 4ஏ, 4பி என்பார்கள், 4சி பிறகு மக்கள் சேர்த்துக்கொண்டது. 4ஏ முடிதான் விளம்பரங்களில் வரும், ஸ்ப்ரிங் மாதிரி வட்டச் சுருள். 4பி இசட் எழுத்துப் போல மடங்கும், 4சி-யில் கண்ணுக்குச் சுருளே தெரியாது. ஜெல்லை எத்தனை கிலோ போட்டாலும் 4சி 4ஏ ஆகாது. அவர் தலையிலேயே பிடரியில் ஒரு வகை, உச்சியில் ஒரு வகை, காதோரம் ஒரு வகை இருக்கும். ஒரு கைக்கண்ணாடி கொடுத்து மூன்றையும் காட்டுங்கள். பிறகு உச்சியில் ஒரு முடியை இழுத்து நீட்டி விட்டுக் காட்டுங்கள்; 70% வரை சுருங்கும். சுருங்கித் திரும்புவதே முடி பலமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம், ரிலாக்சர் பட்ட பகுதி அப்படித் திரும்பாது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டையும் இழுத்துப் பார்த்தால் அவருக்கே விளங்கும்.

பிள்ளைகள் இருந்தால் இன்னொன்று: ஆஃப்ரோவையும் பின்னலையும் தடைசெய்யும் பள்ளி விதிகள் சட்டவிரோதமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2022 அக்டோபரில் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா 2019-இலேயே 'க்ரௌன்' சட்டம் போட்டது. "ஸ்கூலுக்காக நேராக்கிவிடு" என்று யாராவது கேட்டால் சொல்லலாம்.

மைதிலி_சலூன்

மிச்சம் நன்றி அக்கா, நன்றி எல்லாருக்கும். கடைசியா ஒண்டு: அந்தப் 10, 12 சென்ரிமீற்றர் வந்து வெட்டேக்க, ஈரமா வெட்டுறதோ, காயவைச்சோ?

வகிடு

இரண்டும். கழுவி, எதுவும் பூசாமல் ஈரமாகவே வைத்துப் பாருங்கள்: புது முடி உடனே சுருண்டு மேலே ஏறும், பழையது ஈரநூலாக நேரே தொங்கும். எல்லை அப்போதுதான் துல்லியமாகத் தெரியும். 2 செ.மீ. பகுதிகளாக எடுத்து, எல்லைக்கு ஒரு அரை சென்டிமீட்டர் மேலே, அதாவது வேர்ப் பக்கம், வெட்டுங்கள். எல்லையோடு நிறுத்தினால் அந்தப் பலவீனமான துண்டு நுனியாக நின்று பிளந்துகொண்டே வரும். ஒரே நேர்கோட்டில் வெட்டப் பார்க்காதீர்கள், பகுதிக்குப் பகுதி எல்லை வேறு உயரத்தில் இருக்கும்.

பிறகு லீவ்-இன் போட்டு, சுருங்க விட்டு முழுக்கக் காயவைத்து, ஆஃப்ரோ சீப்பால் வேரில் மட்டும் தூக்கிவிட்டு, வடிவத்தைக் காய்ந்த நிலையில் திருத்துங்கள். ஈரத்தில் வடிவம் பிடித்தால் காய்ந்ததும் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும். முடிக்குரிய கூர்மையான கத்திரி வேண்டும், கடையில் துணி, பேப்பர் வெட்டுகிற கத்திரியைத் தொடாதீர்கள். காதுக்கு மேலேயும் பிடரியிலும் ஒன்றிரண்டு நேர்முடி ஒளிந்திருக்கும். அடுத்த கழுவலில் ஈரமாக இருக்கும்போது அவை தனியாகத் தொங்கும், அப்போது எடுத்துக்கொள்ளலாம்.